நிலாவுக்கு இந்தப் பக்கம்

ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள், முதுகு மட்டும்தான் தெரிகிறது, தளரப் பின்னிய சடை இடது தோளில் விழுந்து முன்பக்கம் போய்விட்டிருக்கிறது, வலது கை ஜன்னல் கம்பியில் இருக்கிறது, பிடித்திருக்கிறாளா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறாளா என்று இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கம்பிகளுக்கு அப்பால் வானம், வானத்தில் மூன்றாம் பிறை, பிறையின் இரண்டு கொம்புகளுக்கும் நடுவில், இருக்கவே முடியாத இடத்தில், ஒரு நட்சத்திரம். கீழே வலது மூலையில் சவரி என்று எறும்பு ஊர்ந்தது போல ஒரு கையெழுத்து. வாரப்பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சட்டம் போட்ட பக்கம் அது, ஓரமெல்லாம் பழுத்துவிட்டது, காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு அதற்கு எதிரில்தான் உட்காருகிறேன், உட்கார்ந்ததும் கை துறுதுறுக்கிறது, பிரஷ்ஷில் ஒரு சொட்டுக் கறுப்பு மையைத் தொட்டு அந்த நட்சத்திரத்தின் மேல் ஒரே ஒற்று, போய்விடும், அடுத்தவர் எழுதியதிலும் வரைந்ததிலும் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்றவளுக்கு ஒரு தப்பைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், காப்பி ஆறிப்போகிறது, நான் சும்மா இருக்கிறேன்.

நிலா தப்பு, திருப்பி அனுப்புங்கள் என்று நான்தான் முதலில் எழுதி அனுப்பினேன், அப்போது ஒளியாண்டு என்ற அறிவியல் மாதப்பத்திரிகையில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது, ராயப்பேட்டைச் சந்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடி, பௌதிகம் படித்துவிட்டு வந்த திமிர், ஒளியாண்டு என்றால் தூரம், காலம் இல்லை என்று கேள்வி பதில் பகுதியில் மாதம் ஒருவருக்காவது பாடம் எடுத்துக்கொண்டிருந்த வயது, நிலாச் சிறப்பிதழுக்கு அட்டைப்படம் வந்தது, அழகென்றால் அப்படி ஓர் அழகு, தூத்துக்குடிக் கடல், ஒரு தோணி, மேலே பிறை, பிறைக்குள் நட்சத்திரம், பார்த்த எல்லோரும் ஆகா என்றார்கள், நான் மட்டும் திருப்பி அனுப்பினேன். மறுநாள் வரைந்த சவரியே படியேறி வந்துவிட்டார், ஒல்லியாக, உயரமாக, கக்கத்தில் பெரிய அட்டையோடு, விரல் நகங்களில் நீலமும் பச்சையும் ஏறிய ஒரு மனிதர், படம் நல்லாயில்லியா மேடம் என்றார், நல்லாத்தான் சார் இருக்கு, ஆனா தப்பா இருக்கு என்றேன். இங்கிலீஷ் புத்தகத்துல வர்ற மாதிரி பிறை இங்க நட்டமா நிக்காது சார், நம்ம ஊர்ல படகு மாதிரி படுத்திருக்கும், அதுகூடப் போகட்டும், பிறைக்கு நடுவுல காலியிடம் இல்ல, நிலாவோட மிச்சம் அங்கதான் இருக்கு, வெளிச்சம் படல, அவ்வளவுதான், அது மறைச்சுக்கிட்டிருக்கும்போது பின்னால இருக்கிற நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன், அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார், கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரி யோசித்தார், அப்பம் அந்த நட்சத்திரம் நிலாவுக்கு இந்தப் பக்கம் இருக்குன்னு வச்சுக்கிடுங்களேன், நமக்குக் கிட்டக்க என்றார். நிலாவுக்கு இந்தப் பக்கம் நட்சத்திரமே கிடையாது சார் என்றேன். உங்களுக்குத் தெரியாம ஒண்ணு இருந்துட்டுப் போவுது மேடம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, அந்த நட்சத்திரத்தை அவரே கறுப்பு மையால் ஒற்றி எடுத்தார், பிறையைப் படுக்கவைத்தார், அதன் பிறகு எந்தப் படத்தில் நிலா வந்தாலும் வரைவதற்கு முன்னால் என்னிடம் கேட்காமல் வரைந்ததில்லை, எத்தனாவது நாள் நிலா, எந்நேரத்து நிலா, எந்தத் திசை என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்.

கேள்வி பதில்தான் என்னைக் கொலைக்கும் இழுத்துக்கொண்டு போனது, வாசனையே இல்லாத விஷம் உண்டா என்று அறந்தாங்கியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார், நாலு வரியில் முடிக்க வேண்டியதை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டேன், எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு பிள்ளையான வாரப்பத்திரிகைக்கு நல்லபெருமாள் ஆசிரியர், வெற்றிலை வாயோடு மாடியேறி வந்தவர், ஏம்மா, விஷத்தப் பத்தி இவ்வளவு ஆசையா எழுதுறீங்களே, நமக்கு ஒரு கொலை பண்ணிக் குடுங்களேன் என்றார். விளையாட்டாக ஆரம்பித்தது, ஆண்கள் எல்லாம் மனைவி பெயரில் எழுதிக்கொண்டிருந்த காலம், பொம்பள கத்தியத் தூக்குனா நம்ம வாசகர்கள் நம்ப மாட்டாங்க, நீங்க தலைகீழாப் பண்ணுங்க என்று சொல்லி வஜ்ரன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான், பகலெல்லாம் நான் தும்மல் ஏன் வருகிறது, பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை என்று எழுதினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வஜ்ரன் ஆளைக் கொன்றான், அன்புள்ள வஜ்ரன் அண்ணா என்று கட்டுக்கட்டாக வந்தது தபால், உங்களைப் போல் தைரியமான ஒருவரைத்தான் மணப்பேன் என்று மன்னார்குடியிலிருந்து ஒரு பெண், அதைச் சவரி உரக்கப் படித்து, பொண்ணு பாக்கப் போவமா அண்ணா என்று கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார், அதற்குள் எங்களுக்குப் பதிவுத் திருமணம் ஆகிவிட்டிருந்தது, அல்லது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் ஆனதோ, வரிசை இப்போது மாறி மாறி வருகிறது, சிரிப்பு மட்டும் மாறாமல் வருகிறது.

வாரப்பத்திரிகைக்கு ஒரு வழக்கம் உண்டு, வண்ணப் பக்கங்கள் முன்கூட்டியே அச்சாகிவிடும், கதை கறுப்பில் பிறகு ஏறும், அதனால் தொடர்கதைக்குப் படம்தான் முதலில், இன்னும் எழுதாத அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று எழுதுகிறவர் வாயால் சொல்ல வேண்டும், வரைகிறவர் வரைந்துவிடுவார், அப்புறம் எழுதுகிறவர் தலைகீழாக நின்றாவது அந்தப் படத்துக்குள் கதையைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒருதடவை சவரி ஏதோ நினைப்பில் ஒருவனுக்கு வலது கையில் கைக்கடிகாரம் கட்டிவிட்டார், அச்சும் ஆகிவிட்டது, நான் அவனை இடதுகைக்காரனாக்கி, அந்த இடதுகையாலேயே அவனை மாட்டவும் வைத்தேன், வஜ்ரன் மூன்று வாரம் முன்னாலேயே துப்பு வைத்திருக்கிறார் பாருங்கள் என்று வாசகர்கள் மெச்சினார்கள், எடிட்டரம்மா, பாதிக் கதை நான்லா எழுதுதேன் என்பார், நான் ஒளியாண்டுக்கு ஆசிரியை ஆனதிலிருந்து வீட்டிலும் எடிட்டரம்மாதான். ஆனால் கொலைகாரன் யார் என்பதை மட்டும் அவரிடம் சொல்லக்கூடாது, ஒருமுறை சொல்லப்போய்ப் பட்டுவிட்டோம், சாதுவான ஒரு போஸ்ட் மாஸ்டர்தான் கொலைகாரன் என்று தெரிந்ததும், இவர் பிரஷ் அந்தப் போஸ்ட் மாஸ்டருக்குத் திருட்டு முழி முழிக்க வைத்துவிட்டது, நல்லபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார், அன்றிலிருந்து இவரே போட்டுக்கொண்ட சட்டம், கடைசி வாரம் வரைக்கும் எங்கிட்ட சொல்லிராத, தெரிஞ்சா முகத்துல வந்துரும், நான் வேண்டாம்னாலும் கை வரைஞ்சிரும் என்பார். கடைசி வாரம் வந்ததும் கைகளைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ம், சொல்லு, யாரு என்று கேட்பார், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் அத்தனை கொலைகளையும் செய்தேன் என்று தோன்றுகிறது.

அயனாவரத்தில் மாடி வீடு, ஒரே பெரிய அறை, ஜன்னலோரம் அவர் வரைபலகை, எதிர்ச் சுவரோரம் என் மேஜை, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை, எனாமல் டம்ளர் தண்ணீரில் பிரஷ்ஷை அலசி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார், டிங் டிங், அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை எனக்கு வாக்கியம் நிற்காமல் வரும், மனித உடல் வரிசைக்கு அவர்தான் ஒளியாண்டில் படம் போட்டார், இதயம், கல்லீரல், நுரையீரல், ஒரு மாதம் கணையம், இரைப்பைக்குப் பின்னால் ஒரு மாவிலையைச் சாய்த்து வைத்த மாதிரி அதை வரைந்துவிட்டு, இது ஏன் இப்படிப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு எடிட்டரம்மா, உன் கதையில கொலைகாரன் நிக்குற இடம்லா இது என்றார், நானும் சிரித்துக்கொண்டே அடிக்குறிப்பு எழுதினேன், கணையத்தில் கோளாறு வந்தால் வெளியே தெரிவதற்குள் நாள் கடந்துவிடும் என்று, என் கையால், கொட்டை எழுத்தில். கண்ணில் மஞ்சள் தட்டியபோது கண்ணாடியில் பார்த்து, மஞ்சள் கொஞ்சம் தூக்கலாப் போச்சு, நீலம் கலந்தா சரியாயிரும் என்று அவர் கேலி பேசினார், பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், குடித்தார், சாப்பாடு இறங்கவில்லை, சட்டை தொளதொளத்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல என்னை மட்டும் வரச் சொன்னார், நீங்க அறிவியல் பத்திரிகை ஆசிரியை, உங்களுக்கு நான் சுத்தி வளைச்சுச் சொல்ல வேண்டாம் என்றார், சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம், கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தால் அந்த அறையில் இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருப்பேன்.

பஸ்ஸில் வருகிறேன், ஜன்னலோர சீட், கீழ்ப்பாக்கம், கெல்லீஸ், ஓட்டேரி எல்லாம் போகின்றன, எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மனதுக்குள் எழுதி எழுதி அடிக்கிறேன், மாடிப்படி ஏறிக் கதவைத் தள்ளினால் அவர் வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்த்து முதுகைக் காட்டி வரைந்துகொண்டிருக்கிறார், திரும்பவில்லை, டிங் டிங், என்ன எடிட்டரம்மா, ஆளு யாருன்னு தெரிஞ்சுட்டாக்கும் என்றார். தெரிஞ்சுது என்றேன். அப்பம் சொல்லாத, கடைசி வாரம் சொன்னாப் போதும் என்றார், என்றவர் பிரஷ்ஷை மையில் தோய்த்து வேலையைத் தொடர்ந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன், ஓடிப்போய் அந்த முதுகைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும், அழவில்லை, அவர் கதையைத்தான் கேட்கிறார், டாக்டரிடம் நான் போனது அவருக்கு நினைவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பிறகு இல்லை, அவர் இதைத்தான் கேட்டார், தெரிய வேண்டாம் என்கிறார், தெரியாமல் இருக்கும்வரை வரையலாம் என்று நினைக்கிறார் என்று தெளிந்தேன், சரி, வாயைத் திறக்க மாட்டேன், முகத்திலும் காட்ட மாட்டேன், எத்தனை கொலைகாரர்களை எத்தனை வாரம் ஒளித்து வைத்தவள், இவர் ஒருவரிடம் ஒன்றை ஒளிக்க முடியாதா என்று எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. அன்று ராத்திரிக்கு ரசமும் அப்பளமும் செய்தேன், அவர் அப்பளத்தை மட்டும் உடைத்து உடைத்துச் சாப்பிட்டார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர் தேனருவி பங்களா, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறார், மனைவி மிருதுளா, குடும்ப வக்கீல், ஒரு சமையல்காரர், வக்கீல்தான் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுத்தவன் என்பது என் கணக்கு, மிருதுளா ஒரு பாவமும் அறியாதவள், முதல் வாரங்களில் சவரி அவளை அப்படித்தான் வரைந்தார், வட்ட முகம், அகலமான கண், புருஷன் செத்த அதிர்ச்சியைத் தவிர அந்த முகத்தில் வேறொன்றும் கிடையாது. பிறகு அந்த முகம் மாற ஆரம்பித்தது, கண் அதே கண், வாய் அதே வாய், ஆனால் எதையோ உள்ளே வைத்துப் பூட்டிய முகம், காப்பி ஊற்றும் படத்தில்கூட, பூச்செடிக்குத் தண்ணீர் விடும் படத்தில்கூட, நல்லபெருமாள் போன் மேல் போன், அம்மா, கடுதாசி குவியுது, மிருதுளாதான் கொலைகாரின்னு ஊரே சொல்லுது, முகத்துலேயே எழுதியிருக்குங்கிறாங்க, சவரிகிட்ட சொல்லித் தொலைச்சுட்டீங்களா என்றார், நான் ஒண்ணுமே சொல்லல சார் என்றேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டைக்குப் போனேன், ஏன் அவளை இப்படி வரையுறீங்க என்றேன், எப்படி என்றார், எதையோ மறைக்கிற மாதிரி என்றேன், அவள் கொலைகாரி இல்லை என்று சொல்லிவிட்டால் சட்டத்தை மீறியது ஆகிவிடும், அதைச் சொல்லாமல் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம், வாசகர்கள் குழம்புறாங்க, முதல்ல இருந்த மாதிரி வரைங்க என்று, நோயாளியிடம் கத்துகிறோமே என்று தெரிந்தே, கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நன்றாக, ஒரு பொருளை வரைவதற்கு முன் பார்ப்பாரே அப்படிப் பார்த்தார், முகம் இப்பிடித்தான் வருது, நான் என்ன செய்ய என்றார், பிறகு, சரி, இனும முகம் வேண்டாம், திருப்பி நிப்பாட்டிருதேன் என்றார். அடுத்த வாரத்திலிருந்து மிருதுளா முதுகைக் காட்டி நின்றாள், மாடிப்படி ஏறினாள், தோட்டத்தில் நடந்தாள், கடிதம் படித்தாள், எல்லாம் முதுகுதான், நல்லபெருமாள்கூட, இது நல்ல உத்தி அம்மா, இப்ப சஸ்பென்ஸ் எகிறிடுச்சு என்றார், அப்பாடா, பிழைத்தோம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாரத்துப் படம் வரைய வேண்டிய நாளன்று அவரால் உட்கார முடியவில்லை, முதுகுக்குத் தலையணைகள் அடுக்கிப் பலகையை மடிமேல் சாய்த்துக் கொடுத்தேன், என்ன காட்சி என்றார், கடைசி அத்தியாயம், மிருதுளா ஜன்னல்கிட்ட நிக்கிறா, சாயங்காலம், எல்லாரும் போயிட்டாங்க என்றேன், நிலா உண்டுமா என்றார், மூணாம் பிறை போட்டுக்கங்க, மேற்கு ஜன்னல் என்றேன், படுத்திருக்கும்லா என்றார், ஆமா, படுத்திருக்கும் என்றேன். இது நீ சொல்லுத வாரம்லா எடிட்டரம்மா என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், எதைச் சொல்லச் சொல்கிறார், வக்கீலையா, இல்லை, இரண்டையுமே சொல்லிவிடலாம், முதலில் வக்கீலைச் சொல்லி, அப்படியே மற்றதையும், இத்தனை நாளாக உங்களுக்குத் தெரியாமல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்பதையும், நீங்கள் இல்லாமல் எனக்கு ஒரு வரிகூட ஓடாது என்பதையும், வாயைத் திறந்தேன், அவர் கையை உயர்த்தினார், இரு, படத்த முடிச்சிருதேன், பொறவு சொல்லு, இல்லேன்னா முகத்துல வந்துரும் என்றார். முதுகைத்தானே வரையப் போறீங்க என்று கேட்டிருக்கலாம், தோன்றவில்லை, அடுப்பில் கஞ்சி இருந்தது, எழுந்து போனேன், டிங் டிங் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது, பத்திரிகை ஆபீசிலிருந்து ஆள் வந்தார், சவரியே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார், நான் கஞ்சியோடு வந்தபோது கண்ணை மூடியிருந்தார், நான் பார்க்காமல் அச்சுக்குப் போன அவருடைய படம் அது ஒன்றுதான். கஞ்சி குடிக்க எழுப்பினேன், ம் என்றார், பொறவு என்றார், மறுநாள் ஆஸ்பத்திரியில் என் விரலைப் பிடித்திருந்தார், பேச்சு இல்லை, காதருகே குனிந்து, சொல்லட்டுமா, சொல்லட்டுமா என்று கேட்டேன், அது கேட்டதா என்று யாருக்குத் தெரியும், கீழ்ப்பாக்கம் கல்லறையில் மண் போடும்போதும் என் வாய்க்குள் அந்த வார்த்தை அப்படியே இருந்தது.

நல்லபெருமாள் வீட்டுக்கு வந்தார், வெற்றிலை போடாமல் வந்திருந்தார், அம்மா, கேக்கவே வாய் வரல, ஆனா படம் அச்சாயிடுச்சு, கதை இல்லாம படம் மட்டும் போக முடியாது, உங்களால முடியலைன்னா நான் யாரையாவது வச்சு முடிச்சுக்கிறேன் என்றார், அச்சான பக்கத்தை மேஜைமேல் வைத்தார். முதுகு, சடை, கம்பி, பிறை, பார்த்ததும் எடிட்டர் முழித்துக்கொண்டாள், நட்சத்திரம், கொம்புகளுக்கு நடுவில் நட்சத்திரம், இத்தனை வருஷம் ஒரு நிலாவில் தப்பு விடாதவர், என்னிடம் கேட்டு, படுத்திருக்கும்லா என்று உறுதி செய்துகொண்டு, பிறையைச் சரியாகப் படுக்கவைத்துவிட்டு, நட்சத்திரத்தை மட்டும் ஏன், கை நடுங்கியதா, மை சிந்தியதா, இல்லை, ஐந்து முனையும் அளந்து வைத்தது போல் இருந்தது. நான் தொடரின் எல்லா வாரத்தையும் எடுத்துத் தரையில் பரப்பினேன், கடைசி அத்தியாயம் எழுதுவதற்கு முன் எப்போதும் செய்கிற வேலைதான், விட்ட துப்பு ஏதாவது உண்டா என்று பார்ப்பது, முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், அகலமான கண் மிருதுளா, அகலமான கண் மிருதுளா, அப்புறம் முகம் மாறிய வாரம், அந்த வாரம் எந்த வாரம் என்று அப்போதுதான் உறைத்தது, நான் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய்விட்டு வந்த வாரம். மிருதுளா காப்பி ஊற்றுகிறாள், கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்திருக்கிறாள், அது யார் பழக்கம், செடிக்குத் தண்ணீர் விடுகிறாள், புருவத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு, அது யாருடைய கோடு, எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன், அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஊரெல்லாம் கொன்றவள் முகம் என்று சொன்ன முகம், கொன்றவள் முகமே இல்லை, தெரிந்துகொண்டவள் முகம், நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன், அவர் வாராவாரம் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து அச்சேற்றி லட்சம் பேர் கையில் கொடுத்திருக்கிறார், நான் சண்டை பிடித்ததும், தமக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்றுதான் அவளைத் திருப்பி நிற்கவைத்தார். தரையில் அந்தப் படங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன், குழாயைத் திறந்துவிடாமல், சத்தம் போட்டு.

எழுதிக் கொடுத்தேன், விஷம் வைத்தவன் வக்கீல்தான், மிருதுளாவுக்கு அது தெரியும், சாகப் போகிறவருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும், ஒருவருக்காக ஒருவர் தெரியாதது போலவே கடைசிவரை இருந்துவிட்டார்கள் என்று. நல்லபெருமாள் படித்துவிட்டு, இடிக்குதே அம்மா, தெரிஞ்சும் ஏன் ரெண்டு பேரும் வாயைத் திறக்கல என்றார், சில வீட்டுல அப்படித்தான் சார் என்றேன், அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அப்படியே அச்சுக்கு அனுப்பினார். வஜ்ரன் இந்தத் தடவை கோட்டை விட்டுவிட்டார் என்றுதான் கடிதங்கள் வந்தன, வெள்ளக்கோவிலிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், பிறைக்குள் நட்சத்திரம் தெரிவது அறிவியலுக்குப் பொருந்தாது, ஒளியாண்டு நடத்தும் நிறுவனத்திலேயே இப்படி ஒரு பிழையா என்று காரசாரமாக எழுதியிருந்தார், நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம், சொல்லுக்குச் சொல் நியாயம், திருத்தம் போடட்டுமா அம்மா என்று நல்லபெருமாள் கேட்டார், வேண்டாம் சார் என்றேன், என் உத்தியோகத்தில் தெரிந்தே திருத்தாமல் விட்ட ஒரே பிழை அது. வஜ்ரன் அதற்குப் பிறகு எழுதவில்லை, அண்ணாவுக்கு என்ன ஆயிற்று என்று கொஞ்ச காலம் கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை, ஒளியாண்டும் ஒருநாள் நின்றுபோனது, சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை என்று யாரோ சொன்னார்கள்.

சாயங்காலமாகிவிட்டது, காப்பி டம்ளர் காலையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது, காலையில் உட்கார்ந்தவள் எப்போது எழுந்து ஜன்னலுக்கு வந்தேன், தெரியவில்லை, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மூன்றாம் பிறை படுத்திருக்கிறது, ஒழுங்காக, நான் சொல்லிக்கொடுத்தபடி, இருட்டாயிருக்கும் மிச்ச வட்டமும் உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறது, அங்கேதான் இருக்கிறது, வெளிச்சம் படவில்லை, அவ்வளவுதான், வெள்ளி சற்றுத் தள்ளி அது இருக்க வேண்டிய இடத்தில் மின்னுகிறது, சடை நரைத்து மெலிந்து இடது தோளில் கிடக்கிறது, வலது கையைப் பார்க்கிறேன், தொடவில்லை, கம்பியை இறுகப் பிடித்திருக்கிறேன், விரல் கணுக்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு. பின்னால் அறையில் டிங் டிங் என்று கேட்கிறது, நிலா எப்படி இருக்கு எடிட்டரம்மா என்கிறார், படுத்திருக்கு என்கிறேன், நட்சத்திரம் என்கிறார், இருக்குங்க, இந்தப் பக்கம்தான் இருக்கு, கிட்டக்க என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, பிரஷ் தாளில் ஓடும் சத்தம், இது நீ சொல்லுத வாரம்லா என்கிறார், ஆமா என்கிறேன், சொல்ல வேண்டியதெல்லாம் முகத்தில் வந்துவிட்டது, எனக்கே தெரிகிறது, இரு, படத்த முடிச்சிருதேன் என்கிறார், சரி, மெதுவா வரைங்க, ஒண்ணும் அவசரமில்ல என்று ஜன்னலிடம் சொல்லிவிட்டு, திரும்பாமல் நிற்கிறேன்.